விளக்கா, அடுப்பா

குப்பம்மா மாரில் அடித்துக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டு உள்ளறைப் பக்கம் காதைத் திருப்பினாள். அவள் நிறுத்தியதும் சுற்றிலும் தோளோடு தோள் சேர்த்து அழுதுகொண்டிருந்த பெண்களும் ஒவ்வொருத்தியாக நிறுத்தினார்கள். அழுகை ஓய்ந்த வீட்டில் ஒரே சீராக ஓர் இரைச்சல் கேட்டது.

“இன்னாடி அது?”

“அப்பாவோட கம்ப்யூட்டர், அத்தை” என்றாள் ரேணுகாதேவி.

“எங்கண்ணன் பொணமாக் கெடக்குறாரு, அது பாட்டுக்கு வேல செஞ்சிக்கினு கீதா?”

குப்பம்மா எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். மேசைக்கடியில் இருந்த கறுப்புப் பெட்டியின் முதுகில் கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

“அய்ய, சுடுதுடி! அடுப்பு கணக்கா சுடுது!”

அவ்வளவுதான். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. உலை வைக்கக் கூடாது, உரலில் எதையும் குத்தக் கூடாது, பிணம் வாசலைத் தாண்டுகிற வரைக்கும் அந்த வீட்டில் ஒரு வேலையும் நடக்கக் கூடாது. அந்த மலைக்கிராமத்தில் இது தெரியாதவர்கள் யாரும் கிடையாது. காலையிலிருந்து பக்கத்து வீட்டு டீயைத்தான் எல்லோரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒன்று சூடேறி வேலை செய்துகொண்டிருக்கிறது என்றால் சும்மா விடுவார்களா? சேதி வாசலுக்குப் போக அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேளம் நின்றது.

செந்தாமரை விடியற்காலையிலிருந்து புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். அழவும் இல்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் இல்லை. இப்போது எழுந்து போய் உள்ளறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“எவளாவது அது மேல கைய வெச்சீங்க, கைய ஒடிச்சிப்புடுவேன்.”

ரேணுகாவுக்கு அம்மாவைப் பார்க்க எரிச்சலாக வந்தது. அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. திருப்பத்தூரில் அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்திலும், கூடத் தங்கியிருக்கும் டீச்சர்களிடமும், இன்று காலை அவளை டூவீலரில் ஏற்றிக்கொண்டு வந்த பையனிடமும்கூட அவள் ஒரே கதையைத்தான் சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்திருந்தது. வேலூரில் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு வாரம் படுக்கையில் சேருங்கள், கூடவே படித்தவர் ஒருத்தர் இருக்க வேண்டும், சரிசெய்துவிடலாம் என்றார். அப்பா வர மாட்டேன் என்றுவிட்டார். கம்ப்யூட்டரில் ஒரு நம்பர் ஓடிக்கொண்டிருக்கிறதாம், அதை விட்டுவிட்டு வர முடியாதாம். உயிரைவிட நம்பர் பெரிதாகப் போய்விட்டது. கேட்டவர்கள் எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள்.

ஊர்க்கவுண்டர் உள்ளே வந்தார். நல்ல மனிதர், கோபக்காரரும் இல்லை. இறந்துபோன கருப்பனும் அவரும் சேர்ந்து எட்டாவது வரை படித்தவர்கள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“செந்தாமர, மொதல்ல இது இன்னான்னு சொல்லு. அப்பறம் பேசலாம்.”

“நம்பரு ஓடுது, மாமா.”

“இன்னா நம்பரு?”

“ரெண்டை ரெண்டால பெருக்கணும். வர்றத மறுபடியும் ரெண்டால. அப்படியே பதினாலு கோடி தடவைக்கு மேல பெருக்கி, கடைசியா ஒண்ணு கழிச்சா வர்ற நம்பரு. எழுதினா நாலு கோடிக்கு மேல இலக்கம் வரும். இந்த மலைல இருக்குற அத்தினி மரத்துலயும் எழுதினாலும் பத்தாதுன்னு சொல்வாரு.”

வாசலில் நின்ற ஆம்பிளைகள் எட்டிப் பார்த்தார்கள். செந்தாமரைக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ரேஷன் கடையில் பெருவிரல்தான். அவள் வாயிலிருந்து கோடி கோடியாக வந்து விழுந்ததை ஊர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது.

“அத்த வெச்சிக்கினு இன்னா பண்றது?”

“அது பகா எண்ணான்னு பாக்குறது. தன்னாலயும் ஒண்ணாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாத நம்பரு. நாலுல ஆரம்பிக்கணும். நாலை நாலால பெருக்கி ரெண்டு கழி. அத்த அந்தப் பெரிய நம்பரால வகுத்து மீதிய மட்டும் எடுத்துக்க. அந்த மீதிய அதாலயே பெருக்கு, ரெண்டு கழி, வகு, மீதிய எடு. இப்படியே பதினாலு கோடி தடவ. கடைசில மீதி ஒண்ணுமே இல்லாம வந்துச்சின்னா பகா எண்ணு. மீதி நின்னா இல்ல.”

“எனக்கு வெளங்கல.”

“ஏழ எடுத்துக்குங்க. நாநாலு பதினாறு. ரெண்டு போனா பதினாலு. ஏழால வகுத்தா மீதி இன்னா?”

கவுண்டர் விரலை மடக்கினார். “மீதி இல்ல.”

“அப்ப ஏழு பகா எண்ணு. சின்ன நம்பருக்கு ஒரு தடவையில முடிஞ்சிடும். இதுக்குப் பதினாலு கோடி. ஏழு மாசமா ஓடுது, மாமா. இந்த மாதிரி நம்பரு ஒலகத்துலயே இதுவரைக்கும் அம்பத்திரண்டுதான் கெடச்சிருக்குதாம். அம்பத்திமூணாவது நம்ம வூட்டுல வந்தாலும் வரும்னு சொல்லிக்கினு இருந்தாரு.”

கருப்பன் காவலூர் வானாய்வு நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் அட்டெண்டர். டெலஸ்கோப் இருக்கிற டோமைப் பெருக்குவது, துடைப்பது, சாயங்காலம் கூரையைத் திறந்துவிடுவது அவர் வேலை. அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற கலையரசனிடம் பேசிப் பேசி இந்தப் பைத்தியம் பிடித்தது. பல நாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு நம்பரை வாங்கி அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் தனக்கும் ஒன்று வேண்டும் என்று நின்றார். ஓய்வு பெற்ற வருஷம் கலையரசன் பழைய பாகங்களைத் தேடிப் பிடித்து ஒரு பெட்டியைச் சேர்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வீட்டில் இருந்த ஒரே இன்வெர்ட்டர் அந்தப் பெட்டிக்குத்தான். ஃபேன் ஓடாது, டிவி ஓடாது, அது ஓடும்.

“இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?” என்றார் கவுண்டர்.

ரேணுகா திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு சதவீதம் என்று இருந்தது. “பத்து மணி நேரம்.”

இப்போதே மணி பதினொன்று. பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும்.

“நிறுத்திடும்மா” என்றார் கவுண்டர். “வேல நடக்குற வூட்டுலருந்து பொணம் தூக்குனா ஊருக்கு ஆவாது. உனக்கே தெரியும்.”

“இது வேல இல்ல மாமா. இது வெளக்கு.” செந்தாமரை பிணத்தின் பக்கம் கையைக் காட்டினாள். “தலமாட்டுல வெளக்கு எரியுதே, அத்த அணைப்பீங்களா? அணைக்கக் கூடாதுன்னுதானே எண்ண ஊத்திக்கினே கீறோம்? இதுவும் அவரு ஏத்தி வெச்சதுதான்.”

“வெளக்கு இப்பிடியா சுடும்?” என்று பாய்ந்தாள் குப்பம்மா.

“வெளக்குல கைய வெச்சிப் பாருடி, சுடுதா இல்லையான்னு!”

யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவனைக் கவுண்டர் முறைத்தார். ஆனால் அவருக்கே குழப்பமாகிவிட்டது. விளக்கு என்றால் அணையக் கூடாது. அடுப்பு என்றால் எரியக் கூடாது. இரண்டுமே சாவு வீட்டுச் சட்டம்தான். இது எது என்று எந்தப் பெரியவரும் சொல்லிவிட்டுப் போகவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரேணுகாவைப் பார்த்தார்.

“யம்மா, நீ கணக்கு டீச்சரு. அவரு பெத்த பொண்ணு. நீ சொல்றதுதான். இது வெளக்கா, அடுப்பா?”

வீடு முழுக்க அவளைப் பார்த்தது. அம்மாவும் பார்த்தாள். ரேணு, நீயாவது சொல்லேன்டி என்று கெஞ்சுகிற பார்வை. அந்தப் பார்வைதான் ரேணுகாவுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. புருஷனை வாரிக் கொடுத்துவிட்டு, வாரிக்கொண்டு போனதுக்கே காவல் நிற்கிறாளே!

“அடுப்புதான்” என்றாள். “எங்கப்பாவப் போட்டு எரிச்ச அடுப்பு.”

அம்மாவின் தோளைப் பிடித்து விலக்கினாள். செந்தாமரை எதிர்க்கவில்லை. மகளே சொன்ன பிறகு வழியை விட்டுவிட்டாள். ரேணுகா குனிந்து சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். இரைச்சல் இறங்கி இறங்கி நின்றது. பெட்டிக்குப் பின்னால் கதகதப்புக்காகப் படுத்திருந்த பூனை எழுந்து வெளியே போனது.

செந்தாமரை அப்போதுதான் அழுதாள். கணவர் போனதுக்கு வராத அழுகை அப்படி வந்தது. “ஏழு மாசம்டி! ஏழு மாசம்! ஒரு வார்த்த, வெளக்குன்னு ஒரு வார்த்த சொல்ல உன் வாய் வரலயே!” என்று கதவு நிலையில் மண்டையை இடித்துக்கொண்டாள். நான்கு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டியதாயிற்று. வெளியே மேளம் மறுபடியும் தொடங்கியது.

மூன்றரை மணிக்குக் கருப்பனை எடுத்தார்கள். ஆம்பிளைகள் காட்டுப் பக்கம் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். ரேணுகா குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். உடம்பு வலித்தாலும் மனசு ஒரு மாதிரி ஆறியிருந்தது. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, அப்பாவைக் கொன்றதைக் கொன்றாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

கலையரசன் அப்போதுதான் வந்தார். பெங்களூரு போயிருந்தாராம், சேதி கிடைத்ததும் கிளம்பி, பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கையில் ஒரு ரோஜா மாலை. போட ஆள் இல்லாமல் அதைக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வாசலில் இருந்த நாற்காலியில் மாட்டினார்.

“கருப்பண்ணன் இப்படிப் போவாருன்னு நெனைக்கவே இல்ல, அண்ணி” என்றார். பிறகு உள்ளறையைப் பார்த்தார். “என்ன, மெஷினு ஓடலயா?”

“அதயும் சேத்துப் பொதச்சாச்சு” என்றாள் செந்தாமரை. “இவதான். பத்து மணி நேரம் இருந்துச்சு. புடுங்கிப் போட்டா. ஏழு மாசம் மண்ணாப் போச்சு.”

“மண்ணா? எதுக்கு மண்ணாப் போவணும்?” கலையரசனுக்குப் புரியவில்லை. “நிறுத்தினா நிக்கும், போட்டா ஓடும். அவ்ளோதானே?”

“மொதல்லருந்துதானே ஓடும்?”

“அய்யோ, இல்ல அண்ணி. யாரு சொன்னாங்க? அரை மணிக்கு ஒரு தடவ எங்க வரைக்கும் வந்திருக்குன்னு அதுவே எழுதி வெச்சிக்கும். ஒரு மாசம் கழிச்சிப் போட்டாலும் விட்ட எடத்துலருந்து ஓடும். இருங்க.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஈரத் தரையில் நடந்துபோய்ப் பிளக்கைச் செருகினார். இரைச்சல் கிளம்பியது. திரை வெளுத்து, கொஞ்ச நேரம் என்னென்னவோ எழுத்து ஓடி, கடைசியில் ஒரு வரி வந்து நின்றது. தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு.

“பாருங்க, அதே எடம். போனா அரை மணி நேரம் போயிருக்கும், அவ்வளவுதான்.”

செந்தாமரை அதைப் பார்த்தாள். எண்ணைப் படிக்கத் தெரியாவிட்டாலும் காலையில் பார்த்த உருவம்தான் அது என்று அவளுக்குத் தெரிந்தது.

“அப்ப, ஆளு பக்கத்துல இல்லாட்டிக்கூட ஒண்ணும் ஆவாதா?”

“ஆவாது.”

“ரெண்டு வாரம் நிறுத்திட்டு வேலூரு போயிருந்தா?”

“தாராளமாப் போயிருக்கலாம் அண்ணி. வந்து போட்டிருந்தா ஓடியிருக்கும். அவருக்குத் தெரியாதா என்ன? மே மாசம் அடிக்கடி கரண்டு போச்சே, இன்வெர்ட்டரும் நின்னுட்டா என்ன ஆவும்னு எனக்கு ஃபோன் பண்ணி இதத்தான் கேட்டுத் தெரிஞ்சிக்கினாரு. நல்லாத் தெரியும் அவருக்கு.”

ரேணுகா காலிக் குடத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். எங்கேயாவது வைக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் மாதம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும், அங்கே நின்று பேசினார். திங்கட்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள், ரெண்டு வாரம், நீ கூட இருந்தால் நல்லது, உங்கம்மாவுக்கு அந்த ஃபாரம் எல்லாம் படிக்கத் தெரியாது என்றார். அதற்கு முந்தின மாதம்தான் ரேணுகா எட்டு நாள் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருந்தாள். யூரின் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இப்போது மறுபடியும் இரண்டு வாரம். சனி, ஞாயிறு டீச்சர்கள் எல்லோரும் ஏற்காடு போவதாக இருந்தது. போய்விட்டு வந்து மறுநாளே ஆஸ்பத்திரியா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்தது.

“லீவு கேட்டேன்பா. தர மாட்டேன்னுட்டாங்க. பரீட்ச வருது இல்ல?” என்றாள்.

அவள் கேட்கவே இல்லை. ஹெச்.எம். ரூம் பக்கம்கூடப் போகவில்லை.

அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “நல்லதாப் போச்சும்மா, நானே எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சிக்கினு இருந்தேன்” என்றார். “நம்பரு முடியற நேரம். இப்ப விட்டுட்டு வந்தேன்னா மொதல்லருந்து ஓட்டணும். இத்தினி மாசம் ஓடுனது வீணாப் போய்டும். நீ கவலப்படாத, அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

ஆடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த அம்மா கேட்டது அப்பா பேசினதை மட்டும்தான். அன்றைக்குத் தொடங்கி ஒரு வாரம் அவரோடு அவள் பேசவில்லையாம், பிறகு அவளே ஃபோனில் சொல்லி அழுதாள். ரேணுகாவும் சேர்ந்து திட்டினாள். இந்த மனுஷனுக்கு நம்பர்தான் பொண்டாட்டி பிள்ளை என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நிஜமாகிவிட்டது. ஏற்காட்டில் படகில் உட்கார்ந்துகொண்டு பாட்டுக்குப் பாட்டு பாடினார்கள். அவளும் நன்றாகத்தான் பாடினாள்.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபோனில் அவள் குரலைக் கேட்டதுமே தெரிந்திருக்கிறது. பொய்யைப் பிடித்துக்கொண்டு அவள் தடுமாறக் கூடாது என்று தன் பங்குக்கு ஒரு பெரிய பொய்யைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மூன்று வாரமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். இன்று காலையில் ஊர்ச் சபையில்கூட.

கலையரசன் போனதும் செந்தாமரை கழுவிவிட்ட தரையிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“ரேணு.”

“ம்.”

“அப்ப உங்கப்பன் ஏன்டி வரல?”

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் இருந்தது. வாயைத் திறந்தாள். அம்மா கதவு நிலையில் இடித்துக்கொண்ட இடம் நெற்றியில் நீலமாக வீங்கியிருந்தது.

“பயந்துட்டாரும்மா” என்றாள் ரேணுகா. “போன தடவ ஊசி குத்தி நீர் எடுத்தாங்க இல்ல, அதுலருந்து அவருக்குப் பயம்.”

செந்தாமரை தலையை ஆட்டிக்கொண்டாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

“ஊசிக்கா? ஊசிக்குப் பயந்துக்கினா என்னய ஏமாத்துனான்? பொழைக்கிற உசுர வுட்டானா?” மண் படிந்த வாசலைப் பார்த்துக் காறித் துப்பினாள். “பயந்தாங்கொள்ளி நாயி. முப்பது வருஷம் இந்தப் பயந்தாங்கொள்ளிக்குக் களி கிண்டிப் போட்டிருக்கேன் பாரு, என்னய நானே செருப்பால அடிச்சிக்கணும்.”

இருட்டுகிற நேரத்தில் குப்பம்மா வீட்டிலிருந்து சோறு வந்தது. வந்தவர்களிடமெல்லாம் செந்தாமரை இதையே சொன்னாள். நம்பரும் இல்லை கிம்பரும் இல்லை, ஊசிக்குப் பயந்து செத்த ஆளு என்றாள். கேட்டவர்கள் முதலில் திகைத்தார்கள். அப்புறம் அவர்களுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஆமாம், ஒரு தடவை பல் பிடுங்கவே அவர் பயந்தாரே என்றார் ஒருவர். பாம்பைக் கண்டால் ஓடிப் போவாரே என்றாள் இன்னொருத்தி. ரேணுகா மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. குழி மேட்டில் பால் ஊற்றிவிட்டு வந்தபோது கலையரசன் வீட்டில் காத்துக்கொண்டிருந்தார். திரையில் வந்திருந்ததைத் தன் ஃபோன் வழியாக அனுப்ப வேண்டியவர்களுக்கு அனுப்பியிருந்தார்.

“விடிகாலையிலயே முடிஞ்சிருக்கு” என்றார். சொல்லத் தயங்கினார். “மீதி வந்திருக்கு, அண்ணி. பகா எண் இல்ல.”

செந்தாமரை சொம்பைக் கவிழ்த்து வைத்தாள். “எதால வகுபடுது?”

“அத்த இது சொல்லாது. ஏதோ ஒண்ணால கண்டிப்பா வகுபடும், அவ்வளவுதான் தெரியும். எதாலன்னு யாருக்கும் தெரியாது.”

“தெரியாமயே எப்படி அடிச்சிச் சொல்லுது?”

“அது அப்படித்தான் அண்ணி. மீதி நின்னாலே வகுபடும்னு அர்த்தம். அதுக்கு மேல வேணும்னா தேடித்தான் பாக்கணும். ஆயுசுக்கும் தேடினாலும் கெடைக்காமப் போகலாம்.” அவர் ரேணுகாவைத் துணைக்குப் பார்த்தார். “உனக்குத் தெரியுமேம்மா. பதினொண்ணு தடவ ரெண்டப் பெருக்கி ஒண்ணு கழிச்சா ரெண்டாயிரத்து நாப்பத்தேழு. பாக்கப் பகா எண் மாதிரிதான் இருக்கும். ஆனா இருபத்திமூணு பெருக்கல் எண்பத்தொம்பது. அது சின்ன நம்பரு, கண்டுபிடிச்சிடலாம். இது மாதிரி நம்பர்ல முடியாது.”

ரேணுகா தெரியும் என்று தலையசைத்தாள்.

“எதால வகுபட்டா எனக்கு இன்னா” என்றாள் செந்தாமரை. “எடுத்துக்கினு போய்டுங்க தம்பி அந்தப் பொட்டிய. வேணும்ன்றவங்களுக்குக் குடுங்க.”

கலையரசன் ஒவ்வொரு ஒயராகக் கழற்றிச் சுருட்டினார். பெட்டியைத் தூக்கும்போது அதன் அடியில் சதுரமாகத் தூசி படாத தரை தெரிந்தது. செந்தாமரை உடனே ஈரத்துணி கொண்டுவந்து அதைத் துடைத்தாள்.

அவர் வண்டியில் கட்டிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில் ரேணுகாவின் ஃபோன் அடித்தது. ஷோபனா மேடம், பள்ளிக்கூட ஹெச்.எம். ரேணுகா சிக்னல் தேடிப் பலா மரத்தடிக்குப் போனாள். அம்மா பின்னாலேயே வந்து ஆட்டுக்குத் தழை ஒடித்தாள்.

“ரேணுகா, இப்பத்தான்மா கேள்விப்பட்டேன். நீ ஒண்ணும் யோசிக்காத. காரியமெல்லாம் முடியட்டும், பதினாறு நாள் ஆனாலும் சரி, முடிச்சிட்டு மெதுவா வா. அம்மாவத் தனியா வுட்டுட்டு வராத. உன் கிளாஸ நான் பாத்துக்கறேன். லீவெல்லாம் ஒரு விஷயமா? வீட்டுல ஒண்ணுன்னா நாங்க இல்லன்னு சொல்லியிருக்கமா என்னிக்காவது?”

“இல்ல மேடம்” என்றாள் ரேணுகா. “தேங்க்ஸ் மேடம்.”

ஃபோனை வைத்தாள். தழை ஒடிக்கிற சத்தம் நின்றிருந்தது.

“யாருடி?”

“ஸ்கூல்லருந்து.”

“இன்னா சொல்றாங்க?”

கேட்டால் தருகிறவர்கள்தான் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த கேள்வி ஆகஸ்ட் மாதத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று ரேணுகாவுக்குத் தெரியும். ஃபோனைச் சுடிதார் பாக்கெட்டில் போட்டாள்.

“நாளைக்கு வரச் சொல்றாங்கம்மா.”

“அப்பன் செத்ததுக்குக்கூடவா லீவு தர மாட்டாங்க?” செந்தாமரை கையிலிருந்த கிளையை ஆட்டின் முன்னால் போட்டாள். “நாசமாப் போறவங்க. அவங்களுக்கு அப்பன் ஆத்தா இல்லயா?”

செந்தாமரை கொடிப் பக்கம் போனாள். நேற்று சாவுக்கு உடுத்தி வந்து துவைத்துப் போட்டிருந்த மகளின் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். கொசுவப் பக்கம் இன்னும் காயவில்லை. ஈரம் வெயிலுக்கு வரும்படி அதைத் திருப்பிப் போட்டாள்.

“காலைல ஆறு மணி பஸ்ஸு” என்றாள். “அத்த வுட்டா அப்பறம் பத்தரைக்குத்தான்.”